ஒரு வானொலியை மூடிய தலைவர்: டெங் சியாவ்பிங்கும் பேராக் தோட்டங்களும்

1981-ஆம் ஆண்டு ஜூன் 30. அன்றோடு ஒரு வானொலி நிலையம் தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அதன் பெயர் 'மலாயாப் புரட்சிக் குரல்'. 1969 நவம்பரில் தொடங்கி, ஏறக்குறைய 12 ஆண்டுகள் சிற்றலை வழியாக அது நம் நாட்டு மக்களிடம் பேசிக்கொண்டிருந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பேசியது. அரசாங்கத்தை எதிர்த்துப் போராடும்படி மக்களை அழைத்தது. நிலையம் இருந்ததோ பேராக் காட்டிலும் அல்ல, தாய்லாந்து எல்லையிலும் அல்ல. சீனாவின் ஹூனான் மாநிலத்தில், ஒரு மலைப்பகுதியில்.

அதை மூடச் சொன்னவர் சீனக் கம்யூனிஸ்டு கட்சியின் மூத்த தலைவர் டெங் சியாவ்பிங். சீனாவைச் சீர்திருத்தியவர் என்று உலகம் அறிந்திருக்கும் அதே டெங்.

மாணவர்களே, ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ வளரும் உங்களுக்கு அவர் எங்கோ தூரத்து நாட்டுத் தலைவராகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டி அனுபவித்த அச்சத்துக்கும், பின்னர் வந்த அமைதிக்கும் அவருடைய முடிவுகளோடு தொடர்பு உண்டு. ஆகவே அவரைப் பற்றிப் படிப்பது நம் சொந்த வரலாற்றைப் படிப்பதும் ஆகும்.

ரப்பர் காலணி செய்த இளைஞர்

டெங் 1904 ஆகஸ்டு 22-இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் பிறந்தார். 1920-இல், 16 வயதில், வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டத்தில் சேர்ந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். போகும் வழியில் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. இந்த வட்டாரத்து மண்ணை அவர் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

பிரான்சில் படிப்பு சரிவர அமையவில்லை. பணம் போதவில்லை. பிழைப்புக்காகத் தொழிற்சாலை தொழிற்சாலையாக அலைந்தார். இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தார். 1922-இல் மொந்தார்ஜி நகருக்கு அருகிலிருந்த ஹட்சின்சன் ரப்பர் தொழிற்சாலையில் சேர்ந்து, ரப்பர் காலணி செய்யும் பிரிவில் உழைத்தார். பின்னர் ரெனோ கார் தொழிற்சாலையில் பொருத்துநராக வேலை செய்தார்.

அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு மலாயா. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகள் அடுத்த 40 ஆண்டுகளில் மலாயா முழுவதையும் மாற்றிவிட்டிருந்தன. விடியற்காலையில் நம் முன்னோர் பேராக் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், பிரான்சில் ஒரு சீன இளைஞர் ரப்பரைக் காலணியாக்கிக்கொண்டிருந்தார். குறைந்த கூலி, நீண்ட நேர வேலை என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அனுபவமே அவரைக் கம்யூனிஸ்டு ஆக்கியது. 1926-இல் மாஸ்கோ சென்று பயின்று, 1927-இல் சீனா திரும்பினார். நெடும்பயணம், ஜப்பானிய எதிர்ப்பு, உள்நாட்டுப் போர் ஆகிய எல்லாவற்றையும் கடந்து, 1949-இல் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது முன்னணித் தலைவர்களில் ஒருவராக இருந்தார்.

சுங்கை சிப்புட்டில் தொடங்கிய போர்

அதற்கு ஓராண்டுக்கு முன், 1948 ஜூன் 16-இல், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவரை மலாயாக் கம்யூனிஸ்டு கட்சியினர் சுட்டுக் கொன்றனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. வரலாற்றுப் பாடநூலில் இதை நீங்கள் படித்திருப்பீர்கள். அக்கட்சியின் தலைமைச் செயலாளர் சின் பெங் சித்தியவானில் பிறந்தவர். அதன் முக்கிய மலாய்த் தலைவர்களில் ஒருவரான ரஷிட் மைடின் கோப்பெங்கைச் சேர்ந்தவர். ஆக, இது பேராக்கில் வெடித்த போர், பேராக்காரர்கள் முன்னின்று நடத்திய போர்.

இடையில் மாட்டிக்கொண்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். காட்டிலிருந்து வருபவர்கள் அரிசியும் பணமும் கேட்டார்கள். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும். கொடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. போராளிகள் மரங்களை வெட்டிச் சாய்த்தபோது தொழிலாளியின் கூலியும் சேர்ந்து போனது. காடுகளின் ஓரம் வாழ்ந்த ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்ட லயன்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். பால் வெட்டப் போகிறவரை வாசலில் நிறுத்தி, சோறு எடுத்துப் போகிறாரா என்று சோதித்தார்கள்.

தொழிற்சங்கங்களும் நசுங்கின. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் கருணை கோரியும் பயனில்லை. 1955 டிசம்பரில் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் சின் பெங்கோடு பேசிப் பார்த்தார். உடன்பாடு ஏற்படவில்லை. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிவுக்கு வந்தபோது 10,000-க்கும் அதிகமானோர் மாண்டிருந்தனர்.

1961: தொடரச் சொன்ன டெங்

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். மலாயா சுதந்திரம் பெற்றுவிட்டது. எஞ்சிய போராளிகள் தாய்லாந்து எல்லைக்குப் போய்விட்டனர். ஆயுதப் போராட்டத்தைப் படிப்படியாகக் கைவிடலாம் என்ற முடிவுக்கே தம் கட்சி வந்திருந்ததாகச் சின் பெங் 2003-இல் வெளிவந்த தமது நினைவுநூலில் எழுதியிருக்கிறார். 1961-இல் அவர் பெய்ஜிங் சென்றபோது, தென்கிழக்கு ஆசியாவில் பெரிய மாற்றங்கள் வரப்போகின்றன, போராட்டத்தைக் கைவிடாதீர்கள் என்று ஒரு சீனத் தலைவர் அறிவுரை கூறினாராம். அந்தத் தலைவர் டெங் சியாவ்பிங்.

பின்னாளில் சீர்திருத்தவாதி என்று பெயரெடுத்தவர்தான் நம் மண்ணில் போர் தொடர வேண்டும் என்று சொன்னவர். இதை ஒளிக்காமல் படிக்க வேண்டும்.

அதன் விளைவைப் பேராக் பார்த்தது. 1968 ஜூன் 17-இல், குரோ அருகே எல்லைச் சாலையில் நடந்த பதுங்கித் தாக்குதலில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் உயிரிழந்தனர். அந்தக் குரோதான் இன்றைய பெங்காலான் ஹூலு. 1975 நவம்பர் 13-இல் பேராக் மாநிலப் போலீஸ் தலைவர் கூ சோங் கோங் ஈப்போ நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை இராணுவப் பாதுகாப்போடுதான் போட வேண்டியிருந்தது.

விழுந்து எழுந்த மனிதர்

இதே காலத்தில் சீனாவுக்குள் டெங்கின் நிலை தலைகீழாக மாறியது. 1958-இல் மாவோ சே துங் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டம் கொடிய பஞ்சத்தில் முடிந்தது. கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். தொடக்கத்தில் டெங்கும் அத்திட்டத்தை ஆதரித்தவர்தான். ஆனால் பிணங்கள் விழுந்த பிறகு, விளைச்சலைக் கூட்டும் வழி எதுவானாலும் அதை ஏற்க வேண்டும் என்று வாதாடினார். 1962-இல் தம் ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: பூனை மஞ்சளோ கறுப்போ, எலியைப் பிடித்தால் அது நல்ல பூனை.

கொள்கைத் தூய்மை பேசியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1966-இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியது. டெங் பதவி இழந்தார். அவருடைய மகன் டெங் புபாங், பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் செங்காவலர்களின் கொடுமைக்கு ஆளாகி, மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 1969-இல் டெங்கை ஜியாங்சி மாநிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்தார். பிரான்சில் கற்ற பொருத்துநர் வேலை 65 வயதில் மீண்டும் கைகொடுத்தது.

1973-இல் திரும்ப அழைக்கப்பட்டார். 1976-இல் மீண்டும் நீக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் மாவோ மறைந்தார். 1977 ஜூலையில் டெங் மூன்றாம் முறையாக எழுந்தார். அப்போது அவருக்கு வயது 72.

முதலில் தேர்வு

திரும்பி வந்ததும் அவர் கைவைத்த முதல் துறைகளில் ஒன்று கல்வி. கலாச்சாரப் புரட்சியின்போது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நிறுத்தப்பட்டிருந்தது. இளைஞர்கள் இலட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். குடும்பப் பின்னணியும் கட்சி விசுவாசமுமே உயர்கல்விக்கு வழியாக இருந்தன.

1977 ஆகஸ்டில் டெங் அறிவியலாளர்களையும் கல்வியாளர்களையும் கூட்டிக் கருத்துக் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் தேர்வு மீண்டும் நடந்தது. ஏறக்குறைய 57 லட்சம் பேர் எழுதினர். சுமார் 2,70,000 பேருக்கு மட்டுமே இடம் கிடைத்தது. நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. வயலிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் பழைய பாடநூல்களைத் தேடிப் பிடித்துப் படித்து வந்து எழுதியவர்கள் அவர்கள். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளைச் சுமையாக நினைக்கும் நாம் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். பத்தாண்டுகளாகத் தேர்வே இல்லாத ஒரு தலைமுறைக்கு, தேர்வு என்பது கதவு திறந்ததற்கு ஒப்பானது.

1978 டிசம்பரில் கட்சியின் மத்தியக் குழு கூடி, வர்க்கப் போராட்டத்தை விடப் பொருளாதார வளர்ச்சியே முதன்மை என்று திசை மாறியது. அதே மாதம் அன்ஹுய் மாநிலத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப் பண்ணை நிலத்தை இரகசியமாகப் பங்கிட்டு உழத் தொடங்கினர். சட்டப்படி அது குற்றம். விளைச்சல் பெருகியதைக் கண்ட டெங் பின்னர் அந்த முறையை ஆதரித்தார். 1980-இல் ஷென்சென், ஜூஹாய், ஷாந்தோவ், சியாமென் ஆகிய நான்கு இடங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் அமைந்தன. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972-லேயே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிவிட்டது என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். சீனா மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது.

கோலாலம்பூர் பயணமும் ஒரு கேள்வியும்

1978 நவம்பரில் டெங் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் வந்தார். 1974 மே 31-இல் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் கையெழுத்திட்டு, சீனாவோடு அரசதந்திர உறவு கொண்ட முதல் ஆசியான் நாடாக மலேசியாவை ஆக்கியிருந்தார். ஆனால் நான்கு ஆண்டுகள் கழிந்தும் ஹூனான் வானொலி ஓயவில்லை. பிரதமர் ஹுசேன் ஓன் கேட்ட விளக்கத்துக்கு டெங்கின் பதில் பழைய பதிலாகவே இருந்தது: அரசாங்கங்களுக்கு இடையிலான உறவு வேறு, கட்சிகளுக்கு இடையிலான உறவு வேறு.

அடுத்து சிங்கப்பூர். 58 ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தபோது பார்த்த ஊர் இப்போது தொழில் நகரமாகியிருந்தது. வியட்நாமையும் சோவியத் நாட்டையும் எதிர்க்க ஆசியான் தம்மோடு நிற்க வேண்டும் என்று டெங் விரும்பினார். பிரதமர் லீ குவான் இயூ நேராகவே சொன்னார்: அண்டை நாடுகள் அஞ்சுவது சோவியத்தை அல்ல, சீனாவை. காரணம், இந்நாட்டு மக்களைக் கிளர்ச்சிக்கு அழைக்கும் அந்த வானொலி. அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் என்று டெங் கேட்டதாக லீ தமது நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். நிறுத்துங்கள் என்பதே பதில்.

உடனே நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆயின. 1980 டிசம்பரில் சின் பெங்கை அழைத்து, வானொலியை நிறுத்தும்படி டெங் கூறினார். கம்போடிய விவகாரத்தில் ஆசியானின் ஆதரவு அப்போது சீனாவுக்குத் தேவைப்பட்டது. 1961-இல் தொடரச் சொன்னவர், 1980-இல் நிறுத்தச் சொன்னார். இரண்டு முறையும் அவர் கணக்கிட்டது சீனாவின் நலனையே. பேராக் தோட்டத் தொழிலாளியின் நலன் அந்தக் கணக்கில் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டாம் முடிவின் பலன் அவருக்கு வந்து சேர்ந்தது.

வானொலி மூடியதால் மட்டும் போர் முடிந்துவிடவில்லை. மலாயாக் கம்யூனிஸ்டு கட்சி ஏற்கெனவே உட்பூசலால் பிளவுபட்டிருந்தது. மலேசியாவும் தாய்லாந்தும் எல்லையில் நெருக்கின. நாடும் மாறிக்கொண்டிருந்தது. ஆயினும் பெரிய ஆதரவாளர் கையை விலக்கிக்கொண்ட பிறகு காட்டில் நெடுநாள் நிற்க முடியாது. 1989 டிசம்பர் 2-இல் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சுங்கை சிப்புட்டில் முதல் குண்டு வெடித்து 41 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே 1989-இல்

ஹாட்யாய் ஒப்பந்தத்துக்கு ஆறு மாதம் முன்னர், டெங்கின் பெயரில் அழியாத கறை படிந்தது. சீர்திருத்தத்தில் அவருக்குத் தோள்கொடுத்த ஹூ யாவ்பாங், மாணவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்ற காரணத்தால் 1987 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. 1989 ஏப்ரல் 15-இல் அவர் இறந்தபோது, அஞ்சலி செலுத்தப் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூடினர். அஞ்சலி கோரிக்கையாக மாறியது. ஊழலை ஒழியுங்கள், பத்திரிகைச் சுதந்திரம் தாருங்கள், எங்களோடு பேசுங்கள் என்றனர்.

கட்சியின் தலைமைச் செயலாளர் ஜாவ் சியாங் பேச்சுவார்த்தையை விரும்பினார். டெங் இராணுவத்தை விரும்பினார். ஜூன் 3 இரவும் ஜூன் 4 விடியலும் துருப்புகள் சுட்டுக்கொண்டே நகருக்குள் நுழைந்தன. நூற்றுக்கணக்கானோர், சில கணக்குகளின்படி அதற்கும் பல மடங்கு அதிகமானோர் கொல்லப்பட்டனர். ஜாவ் பதவி பறிக்கப்பட்டு, 2005-இல் இறக்கும் வரை வீட்டுக்காவலில் இருந்தார்.

1977-இல் மாணவர்களுக்குத் தேர்வுக் கதவைத் திறந்தவர் டெங். அந்தக் கதவு வழியே பல்கலைக்கழகம் போனவர்கள் கேள்வி கேட்டபோது துப்பாக்கியால் பதில் சொன்னவரும் அவரே. உழும் முறையை மாற்றலாம், சந்தையைத் திறக்கலாம், அண்டை நாட்டோடு சமாதானம் ஆகலாம். கட்சியின் அதிகாரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. அவருடைய சீர்திருத்தத்தின் எல்லைக்கோடு அதுதான்.

பேராக்கில் இன்று

1992-இல், 87 வயதில், தென் சீனாவுக்குப் பயணம் செய்து தயங்கி நின்ற சீர்திருத்தத்தை மீண்டும் தள்ளிவிட்டார். 1997 பிப்ரவரி 19-இல் மறைந்தார். எல்லையோரச் சிற்றூராக இருந்த ஷென்சென்னில் இன்று 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கோடிச் சீன மக்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கூறுகிறது.

2009 முதல் மலேசியாவின் மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனாதான். பேராக்கின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில், புரோட்டோன் கார் தொழிற்சாலை இருக்கிறது. 2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய கீலி நிறுவனம், 1986-இல் சீனாவில் தனியாரால் தொடங்கப்பட்டது. டெங்கின் சீர்திருத்தம் இல்லாவிட்டால் அப்படியொரு தனியார் நிறுவனம் அங்கே பிறந்திருக்க முடியாது. ஒரு காலத்தில் சீனாவிலிருந்து பேராக்குக்கு வந்தது போருக்கான அழைப்பு. இன்று வருவது முதலீடும் வேலை வாய்ப்பும்.

ஆனால் வளர்ச்சி எல்லாரையும் ஒரே மாதிரி தூக்கிவிடுவதில்லை. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. துண்டாடப்பட்டும் கைமாறியும் போன தோட்டங்களிலிருந்து வீடும் வேலையும் ஒருசேர இழந்து வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். தோட்டங்கள் கைமாறுவதைக் கண்டுதான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கவைத்தார். மாற்றம் வரும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி சீனாவுக்கு மட்டும் உரியதல்ல.

எப்படி எடைபோடுவது?

வரலாற்றுத் தேர்வில் ஒரு தலைவரை மதிப்பிடச் சொன்னால், நல்லவர் அல்லது கெட்டவர் என்று எழுதிவிட நமக்குக் கை துடிக்கும். டெங் அந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்கமாட்டார். மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதை மாற்றினார்? எதை மாற்ற மறுத்தார்? இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் யார்? மூன்றுக்கும் சான்றோடு விடை எழுத முடிந்தால், அந்தத் தலைவரைப் புரிந்துகொண்டீர்கள் என்று பொருள். இதே மூன்று கேள்விகளை நம் நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் கேட்கலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பெய்ஜிங்கில் என்ன பேசினார்கள் என்பது நினைவுநூல்களில் பதிவாகிவிட்டது. முள்வேலிக்குள் இருந்த லயன் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது பெரும்பாலும் பதிவாகவில்லை. அதை நேரில் கண்டவர்களுக்கு இன்று 75 வயதுக்கு மேல் இருக்கும். வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவசரகாலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள், ஊரடங்கு எப்படி இருந்தது, வாசலில் சோதித்தார்களா என்று கேளுங்கள். கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். தோட்டத்தின் பெயர், ஆண்டு, சொன்னவருடைய அப்போதைய வயது ஆகிய மூன்றையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.